பாப்பாவின் மனு: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் மகள் பாப்பா போட்ட மனுவுக்காக வந்த கோர்ட் நோட்டீஸைப் படித்துவிட்டு, மடித்து ஷூ ரேக்கின் மேல் வைத்துவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னார். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பிலும் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆனால் நான் இங்கே எழுதுவதை விடாமல் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். பாப்பாவிடம் முழுவதையும் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் வெளியிடுகிறேன். நாம் இருக்கும் நகரம், அவள் பள்ளி, யார் பெயரும் இதில் வராது. கலிஃபோர்னியா என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும், சட்டம் இந்த மாநிலத்துடையது.

உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல இது உங்கள் மேல் போட்ட கேஸ் இல்லை. அந்த மனுவில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. போலீஸ் வராது, உங்கள் கிரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. இங்குள்ள குடும்பச் சட்டத்தின் 7120-ஆம் பிரிவுப்படி, 14 வயது நிறைந்த ஒரு பிள்ளை நீதிபதியிடம் போய், ‘நான் என் விருப்பத்தோடு பெற்றோரை விட்டுத் தனியே இருக்கிறேன், என் வரவு செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், என் வருமானம் நேர்வழியில் வருகிறது, என்னைச் சட்டப்படி பெரியவளாக அறிவியுங்கள்’ என்று கேட்கலாம். இதைத்தான் எமான்சிபேஷன் என்கிறார்கள். மனுவில் பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் தக்க காரணம் இல்லாமல் பெற்றோருக்குத் தெரிவிக்காமல் விசாரிக்கவும் முடியாது. அதனால்தான் உங்களுக்கும் அண்ணிக்கும் நோட்டீஸ் வந்தது. விசாரணைக்குப் போகலாம், உங்கள் பக்கத்தைச் சொல்லலாம், ஆட்சேபிக்கலாம்.

வக்கீலைப் பார்த்தீர்களானால் அவர் ஒரு இடத்தைத்தான் பிடிக்கச் சொல்வார். மனுவுக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை என்றாலும், அவள் தனியே வாழ்வதற்கு நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் தடுக்காமல் விட்டிருக்க வேண்டும். ‘நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை, வீட்டுக்கு வா என்றுதான் சொல்கிறேன்’ என்று நீங்கள் நின்றால் மனு ஆட்டம் காணும். ஆனால் அவள் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்த இரவு நீங்கள் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதே. “அங்கயே இருந்துக்கட்டும். எனக்குப் புள்ள இல்லைன்னு நெனச்சுக்கறேன்.” அதைப் பாப்பாவும் கேட்டாள், அவள் போனிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளி திறந்தபோது அவளுடைய வொர்க் பெர்மிட் ஃபாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அண்ணியிடம் கொடுத்தனுப்பியதும் நீங்கள்தான். அண்ணி ஞாயிறு தவறாமல் இட்லி மாவு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். இதையெல்லாம் நீதிபதி தடுத்ததாக எடுத்துக்கொள்வாரா, விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்வாரா? என்னால் சொல்ல முடியாது, உங்கள் வக்கீலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. மனுவில் அவளும் அப்படி எதுவும் எழுதவில்லை. அவளுக்குப் பொறுக்க முடியாமல் போனவை இரண்டு. ஒன்று, பிளஸ் டூவை ஈரோட்டில் படிக்கட்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் போட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து லாக்கரில் வைத்தது. இன்னொன்று, போபா டீக்கடையில் நின்று அவள் சம்பாதித்த பணத்தை ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து எடுத்துக்கொண்டது. உங்கள் செலவுக்கு எடுக்கவில்லை, அவள் பெயரில் டெபாசிட்தான் போட்டீர்கள், தெரியும். 18 வயது ஆகாத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கு உரியது என்றுதான் இங்கேயும் சட்டம் சொல்கிறது. எமான்சிபேஷன் ஆணை வந்தால் அந்த உரிமை போய்விடும். அவள் மனுப் போட்டதில் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை டாலர் என்பது அவளுக்கு முக்கியமில்லை. ஒருநாள் காலையில் ஏடிஎம்மில் கார்டைப் போட்டபோது கணக்கு காலியாக இருந்ததைத்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

மனுவோடு வரவு செலவுப் படிவம் ஒன்றும் சேர்க்க வேண்டும். அதை என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பினாள். வாடகை என்று மாதம் 400 டாலர் எனக்குத் தருகிறாள். வேண்டாம் என்றபோது, “அத்தை, ரசீது எழுதிக் குடுங்க, ஜட்ஜுகிட்டக் காட்டணும்” என்றாள். சாப்பாடு, போன், பஸ், துணிமணி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் மருத்துவச் செலவில் நின்றுவிட்டாள். “அத்தை, பல் டாக்டருக்குப் போனா எவ்வளவு ஆகும்?” அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து உங்கள் இன்ஷூரன்ஸ் கட்டியது, கவுன்டரில் நின்று கையெழுத்துப் போட்டது நீங்கள். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அண்ணா.

அதனால் சொல்கிறேன், எனக்கு இந்த மனு பிடிக்கவில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன். 16 வயதுப் பிள்ளை பள்ளி நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. வாரம் 20 மணி நேரம் என்று வைத்தால், 2026-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலி 16.90 டாலர் கணக்கில், பிடித்தம் போகுமுன் மாதம் 1,400 டாலர் சொச்சம் வரும். இந்த ஊரில் ஓர் அறை எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். ஆணை கிடைத்தால் ஒப்பந்தம் போடலாம், வைத்தியத்துக்குத் தானே சம்மதம் தரலாம், எங்கே வசிப்பது என்று தானே தீர்மானிக்கலாம். ஆனால் பெற்றோரிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை அன்றோடு முடிந்துவிடும். பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், ஓட்டுரிமை 18-ல்தான். நாளைக்கு வேலை போய், கையில் ஒன்றுமில்லாமல் நின்றால் கோர்ட் ஆணையையே ரத்து செய்யலாம். இவ்வளவு சின்ன வயதில் யார் தயவும் இல்லாமல் நின்று காட்ட வேண்டும் என்ற வீம்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அவள் பக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி உதவித்தொகைக்கு ஃபாஃப்சா என்ற அரசு விண்ணப்பத்தை நிரப்பும்போது, 18 வயது ஆகிவிட்டது என்பதற்காகப் பெற்றோரின் வருமானத்தைக் காட்டாமல் விட முடியாது. பொதுவாக 24 வயதுவரை காட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் காகிதத்துக்கு நீங்கள் ஒத்துழைக்க மாட்டீர்கள் என்று அவள் பயப்படுகிறாள். கோர்ட்டில் எமான்சிபேஷன் பெற்ற பிள்ளை தன் வருமானத்தை மட்டும் காட்டினால் போதும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். நம் வீட்டுப் பிள்ளை.

“இதைப் பாத்து எல்லாப் புள்ளைகளும் கெளம்பிரும்” என்று அண்ணியிடம் சொன்னீர்களாம். கிளம்ப முடியாது அண்ணா. உங்கள் ஆபீஸ் நண்பர்களின் பிள்ளைகளில் பலர், வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருக்கிறார்கள். அவர்கள் சட்டப்படி இங்கே ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. வருமானம் இல்லாத பிள்ளை வரவு செலவுப் படிவத்தில் என்ன எழுதும்? நம் பாப்பா இங்கே பிறந்தவள், அதனால் எழுத முடிந்தது. மற்ற மாநிலங்களிலும் இது எளிதில்லை. டெக்ஸஸில் 17 வயது ஆக வேண்டும், தனியே வாழ்ந்தால் 16. நியூயார்க்கில் இப்படி நேராக மனுப் போட ஒரு சட்டமே கிடையாது.

கட்டுப்பாடில்லாத குடும்பத்துப் பிள்ளைகள்தான் இதைச் செய்யும் என்றும் சொன்னீர்களாம். டொமினிக் மோசியானுவை உங்களுக்கு நினைவிருக்கலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் 14 வயதுப் பெண். பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவளைச் சாம்பியனாக்குவதற்காகவே வீட்டை நடத்தியவர்கள். 1998-ல், 17 வயதில், தான் சம்பாதித்த பணம் தன் கையில் இல்லை என்று ஹூஸ்டனில் கோர்ட்டுக்குப் போய்ச் சட்டப்படி பெரியவளாக ஆணை வாங்கினாள். அந்த வீட்டில் கட்டுப்பாட்டுக்குக் குறைவிருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். நீங்கள் ஆட்சேபித்து, நீதிபதியும் இந்தப் பெண்ணின் நலனுக்கு இது நல்லதில்லை என்று மனுவைத் தள்ளிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த நாள் என்ன செய்வீர்கள்? போலீஸை அழைத்துக்கொண்டு என் வாசலுக்கு வருவீர்களா? அழுகிற பிள்ளையை இழுத்துப் போய் விமானத்தில் ஏற்றுவீர்களா? கொஞ்ச காலத்தில் அவளுக்கு 18 ஆகிவிடும். அன்றைக்கு அவள் எங்கே போகிறாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்காது. அந்த நாளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வேறொரு வழி இருக்கிறது. கார்டியன்ஷிப். உயில், பாதுகாவலர் விஷயங்களைப் பார்க்கும் புரொபேட் கோர்ட்டில் நான் மனுப் போட்டு அவளுக்குப் பாதுகாவலராக முடியும். 12 வயது நிறைந்த பிள்ளை தானேகூட அதற்கு மனுப் போடலாம். சொந்தக்காரர்தான் கேட்கிறார் என்றால் கோர்ட்டின் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், அவளிடமும் பேசுவார், உங்களிடமும் பேசுவார். பெற்றோர் எதிர்த்தால் அது பெரிய போராட்டம், உங்களோடு இருப்பது அவளுக்குக் கெடுதல் என்று நான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதை நான் செய்யமாட்டேன், ஏனென்றால் நான் அப்படி நம்பவில்லை. நீங்களும் அண்ணியும் சம்மதக் கையெழுத்துப் போட்டால் அந்தச் சண்டையே வராது. உங்கள் உரிமைகள் அழிந்துபோகாது, நிறுத்திவைக்கப்படும், அவ்வளவுதான். நிலைமை மாறினால் கார்டியன்ஷிப்பை முடிக்கச் சொல்லி நீங்களே கோர்ட்டைக் கேட்கலாம். 18 ஆனதும் அது தானாக முடிந்துவிடும். அவளைத் தாங்கும் கடமை உங்களிடமே இருக்கும், நீங்கள் வந்து பார்ப்பதற்கு முறை வகுத்துக்கொள்ளலாம். கோர்ட் நியமித்த கார்டியன் இருந்தாலும் ஃபாஃப்சாவில் அவள் தன் வருமானத்தை மட்டும் காட்டினால் போதும். பாப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்பா கையெழுத்துப் போட்டா நான் என் மனுவை வாபஸ் வாங்கறேன்” என்றாள். இதை எழுதச் சொன்னதே அவள்தான்.

நம் குடும்பத்தில் இது புதிதும் இல்லை. நீங்கள் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம், மஞ்சள் மண்டியை யார் பார்ப்பது என்று அப்பா ஹாஸ்டல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். பெருந்துறையிலிருந்து மாமா பஸ் பிடித்து வந்து, ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்ற இடத்தில் ‘பெற்றோர்’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் தவணைப் பணத்தையும் அவரே கட்டினார். ‘மச்சான், கோவம் தணிஞ்சா நீங்களே வந்து பாருங்க’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா முதல் வருஷம் வரவில்லை, இரண்டாம் வருஷம் பொங்கலுக்கு முன்னால் உங்கள் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றார். மாமா செய்ததை நான் செய்யத் தயாராக இருக்கிறேன். அன்று அப்பாவிடம் கேட்டு எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் மாமாவுக்கு இல்லை. இங்கே கோர்ட் உங்களையும் கேட்கிறது, அது நல்லதுதான்.

கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்றாலும் ஒன்றைக் கேட்கிறேன். இன்ஷூரன்ஸிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடாதீர்கள். 26 வயதுவரை அவள் அதில் இருக்கலாம், எந்த ஆணை வந்தாலும் அவளை நீக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்தக் கீழ்க்கடைவாய்ப் பல் இன்னும் வலிக்கிறது, உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இந்த ஒரு வரிக்கு மட்டும் அவளிடம் தனியாக அனுமதி கேட்டேன், முறைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

சம்மதப் படிவத்தை அச்செடுத்து, நீங்களும் அண்ணியும் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியிட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாவு கொண்டுவரும்போது அண்ணியிடம் கொடுத்துவிடுகிறேன். படித்துப் பாருங்கள், ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள்.

அதையும் மீறி ஆட்சேபிப்பது என்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்போது அவள் வருமானம் போதாது என்று எழுதுங்கள், வயது போதாது என்று எழுதுங்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். அவள் நடத்தையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும் காகிதத்தின் நகல் அவள் கைக்கும் வரும்.

உங்கள் தங்கை