லிவரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

அன்பு மகளுக்கு,

தம்பி உன் வண்டியின் படத்தை அனுப்பியிருந்தான். பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன், ஸ்பிரிங், இரண்டு ரப்பர் கப், சர்க்கிளிப் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைத்திருக்கிறாய். இந்த ஒழுங்கு உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. என்னிடம் ஏது? படத்தின் ஓரத்தில் உன் கையும் தெரிந்தது. கையில் கட்டு. என்னவென்று தம்பியிடம் கேட்டேன். "அக்காவையே கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். சரி, நான் கேட்கவில்லை. பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லிவரை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கைப்பிடி வரை இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றாயாம். அப்படியானால் பெரும்பாலும் முன் கப்தான் போயிருக்கும். ஆயில் அதைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் போய்விடுகிறது. பின் கப் போயிருந்தால் லிவர் பக்கத்து ரப்பர் உறைக்குள் ஈரம் தெரியும். எது போயிருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடு. புதுக் கப்பின் உதடு ஸ்பிரிங் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்காது. போடும் முன் புது பிரேக் ஆயிலில் நனைத்துக்கொள். பெட்ரோலில் மட்டும் கழுவாதே, ரப்பர் ஊதிவிடும்.

ஆயில் டப்பாவின் அடியில் இரண்டு துளை இருக்கும். பெரியது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொன்று ஊசிமுனை அளவுதான், அதைத்தான் விட்டுவிடுவார்கள். அது அடைத்திருந்தால், சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை இழை மெல்லிய கம்பியை விட்டுப் பார். குடைந்து பெரிதாக்கிவிடாதே.

மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்று. டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கக்கூடாது. எப்போதோ திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு. ஆயில் குழாயை மாட்டும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரு பக்கமும் புது வாசர் போடு.

எல்லாம் முடிந்ததும் ஏறி ஓட்டிவிடாதே. முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பிரேக்கைப் பிடித்துப் பார்.

உன்னைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறேன். தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அந்தப் பெண் தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எதுவானாலும் தம்பி வழியாகத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்பேனர் பிடிக்க என்ன அவசரம்? கேட்கமாட்டேன் என்றேன், கேட்டுவிட்டேன். தள்ளிக்கொண்டே போய்ப் பிடித்துப் பார், மறக்காதே.

இன்னொன்று. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பார். கீறலோ குழியோ நகத்தில் தட்டினால் முழு சிலிண்டரையும் மாற்றிவிடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நான் தேய்த்தேன்.

ஆமாம், நம் பழைய வண்டியைத்தான். புதுக் கப்பை நான் மாட்டினேன், பிரேக்குக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற, அதுதான் ஏர் எடுக்க, நீ லிவரைப் பிடித்தாய். மறுநாள் காலை அந்தச் சரிவில் லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் மணிக்கட்டு அன்று போனதுதான். வீட்டுக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். காற்றை வெளியே விடும் நிப்பிளை நான் மூடும் முன்பே நீ லிவரை விட்டுவிட்டாய், அதனால் காற்று புகுந்துவிட்டது என்றேன். உனக்குப் பதினான்கு வயது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் வண்டியைப் பிரிக்கும் பக்கமே நீ வந்ததில்லை.

நீ விடவில்லை. காற்று புகுந்திருந்தால் முதல் பிடியிலேயே லிவர் பஞ்சு மாதிரி அமுங்கியிருக்கும். அன்று காலை அது கல் மாதிரி நின்றது. நான்தான் பிடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றிரவு நீங்கள் தூங்கியபின் பிரித்தேன். உப்புத்தாள் போட்ட கீறல்கள் புதுக் கப்பின் உதட்டை அறுத்திருந்தன. அந்தக் கப்பை யார் கண்ணிலும் படாமல் குப்பையில் போட்டேன். அம்மாவிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள்.

கப்பை மாற்றிய கையோடு ஏர் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கையில் கட்டோடு உன்னால் லிவரையும் பிடித்து நிப்பிளையும் திருப்ப முடியாது. நான் கிளம்பி வருகிறேன். நிப்பிளை நீ திருப்பு, லிவரை நான் பிடிக்கிறேன். மூடிவிட்டேன் என்று நீ சொல்லும்வரை கையை எடுக்கமாட்டேன்.

அப்பா