சூடான தோசை

ஸ்டாக்ஹோம், ஸ்வீடன்,
கார்த்திகைக்கு மறுநாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்ததா?

நேற்று ஜன்னலில் ஏழு அகல் ஏற்றி வைத்தேன். இப்போது மூன்று மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸை ஒட்டி இந்த ஊர்க்காரர்களும் வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு வைக்கிறார்கள். தெருவே கார்த்திகை கொண்டாடுவது போல இருந்தது. பனை ஓலைக்குத்தான் வழியில்லை. கொழுக்கட்டையைக் கையால் பிடித்து அவித்தேன். ஓலை வாசம் இல்லாமல் அது என்ன கொழுக்கட்டை!

மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டாரா என்று சித்தி கேட்டாள் என்றாயே, விடவில்லை அம்மா. பிள்ளையைப் பார்க்க லீவு எடுத்திருக்கிறார். இந்த நாட்டில் ஒரு குழந்தைக்கு அம்மா அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து 480 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. முழுச் சம்பளம் இல்லை, ஆனால் குடும்பம் நடத்தலாம். அதில் 90 நாளை அப்பா எடுக்காவிட்டால் வீணாய்ப் போகும், எனக்கு மாற்றித் தர முடியாது. 1974லேயே அப்பாக்களுக்கும் இந்த லீவைக் கொடுத்துவிட்டார்கள். பகலில் பூங்காவுக்குப் போனால் தள்ளுவண்டியோடு ஆண்கள்தான் கூட்டமாக நிற்பார்கள். நம் ஊரில் மத்திய அரசு வேலையில் இருக்கிற அப்பாவுக்கே 15 நாள்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

கோடையில் அத்தை, இவர் அம்மா, வந்திருந்தார்கள் இல்லையா? இவர் பாத்திரம் கழுவியதைப் பார்த்து முதல் வாரம் அவர்களுக்குத் தாங்கவில்லை. கையிலிருந்து நாரைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒருநாள் ராத்திரி தோசை. இங்கே மாவு லேசில் பொங்காது. அடுப்பைப் பற்றவைக்காமல் ஓவன் விளக்கை மட்டும் போட்டு, ராத்திரி முழுக்க உள்ளே வைத்திருந்தேன். அத்தை வழக்கம்போல அடுப்படியில் நின்று சுட ஆரம்பித்தார்கள். இவர் கரண்ட் அடுப்பைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து வைத்து, "நீ உட்காரும்மா, நான் சுடுறேன்" என்றார். அத்தை உட்காரவே மாட்டேன் என்றார்கள். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். முறுகலாக ஒன்று தட்டில் விழுந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "இன்னொண்ணு போடு" என்றார்கள். அவர்களுக்கு 64 வயது, அம்மா.

அன்று எனக்கு உன் ஞாபகம்தான். நீ சூடான தோசை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நான் தட்டுத் தட்டாகக் கொண்டு ஓடுவேன். எல்லாரும் எழுந்த பிறகு, ஆறிப்போன ரெண்டு தோசையையும் சட்டியில் ஒட்டின சட்னியையும் வைத்துக்கொண்டு நீ தரையில் உட்காருவாய். ஆச்சியும் அப்படித்தான் சாப்பிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்பீர்கள்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பரிமாறுவதில் உனக்கு இருந்த பிரியம் எனக்குத் தெரியும். யாருக்கு எத்தனை, யாருக்கு முறுகல் என்று கேட்காமலே போடுவாய். அந்தக் கை பக்குவம் எனக்கும் வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கும், பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலும் நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் கடைசியில் சாப்பிடுவதை மட்டும் என் மகளுக்குக் கொடுக்கமாட்டேன். மதினியும் இப்போது உன் பக்கத்தில் காத்து நிற்கிறாள் என்று அண்ணனே சொன்னான். அதுதான் மனசை அறுக்கிறது.

கரண்ட் அடுப்பு ஒன்று வாங்க அண்ணனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்காருங்கள். அண்ணன் சுடட்டும், அவனிடம் சொல்லிவிட்டேன். முதல் தோசை எப்படியும் கல்லில் ஒட்டும், அதை விட்டுவிடு. இரண்டாவது உனக்கு.

அன்புடன்,
உன் மகள்