டீக்கடைத் தட்டியில் மாட்டிய அட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நம் வேதாரண்யம் பக்கத்துக்கென்று நீயும் உன் சிநேகிதர்களும் இணையத்தில் ஒரு செய்தித் தளம் தொடங்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். எதையெல்லாம் எழுதலாம் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பட்டியலில் அரசியல், சினிமா, கிரிக்கெட் எல்லாம் முதலில் இருக்கிறது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு என்ன செய்தி வேண்டும் என்பதை கஜா புயல்தான் எனக்குக் காட்டியது, தம்பி. 2018 நவம்பர் 16 விடியற்காலை அது கரையைக் கடந்தபோது நீ சென்னையில் இருந்தாய். விடிந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. கரண்ட் இல்லை, போனும் இல்லை. டேங்கில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் எப்போது வரும், எந்த ரோட்டில் மரத்தை அறுத்து வழி விட்டிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள், இதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சைக்கிளில் சுற்றி விசாரித்து வந்து வாசல் வாசலாகச் சொன்னான். நாலாம் நாள் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதும் விடவில்லை, காலண்டர் அட்டையைத் திருப்பி, அடுப்புக்கரியால் எழுதி, டீக்கடைத் தட்டியில் மாட்டினான். உன் தளம் அந்த அட்டை மாதிரி இருக்க வேண்டும்.

ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறந்தால் பூத்தூவும் படம் எல்லாப் பேப்பரிலும் வந்துவிடும். அந்தத் தண்ணீர் நம் கடைமடைக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது, எந்த வாய்க்காலுக்கு வரவே இல்லை, அதை நீ எழுது. அறுப்புக் காலத்தில் அரசு நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா, சாக்கு இருக்கிறதா, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதென்று வாங்காமல் விட்டதில் எத்தனை பேர் நெல் களத்திலேயே கிடக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுது. அப்புறம் முல்லைப் பூ விலை, மழைக்குப் பிறகு உப்பளத்தில் வேலை தொடங்கும் நாள், அகஸ்தியன்பள்ளி ரயில் நேரம் மாறினால் அது.

கிராம சபையை விட்டுவிடாதே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கூட்டம். தீர்மானத்தை வாசிக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். தீர்மானத்தை அப்படியே போடு. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து, அதையும் போடு. கணக்கு விவரம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வயசுப் பெண் வீட்டை விட்டுப் போனாள், யார் வீட்டில் என்ன சண்டை, இதெல்லாம் உன் தளத்தில் வரவே கூடாது. அதைப் படிக்கக் கூட்டம் வரும்தான். ஆனால் அந்தக் குடும்பம் மறுநாளும் இதே தெருவில்தான் நடந்து போக வேண்டும். சாவுச் செய்தி போடலாம், வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போடு.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு நான் நோட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். எழுதியதைப் படம் பிடித்து அன்றைக்கு ராத்திரியே அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் கூப்பிடு, சரியா?

அன்புடன்,
அம்மா