நடிப்பு ஆசிரியரின் கதையை யார் கொண்டாடுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் இம்மாதம் 16ஆம் தேதி வெளியான ‘தி கொமின்ஸ்கி மெத்தட்’ என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நடிப்புத் தொழிலைப் பற்றிய கதை என்பதால் அத்தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரையும் அது ஈர்க்காது என்று அந்தக் குறிப்பு முடிந்திருந்தது. எட்டுப் பகுதிகளையும் நான்கே நாட்களில் பார்த்து முடித்தவன் என்ற முறையில், அந்தக் கணிப்பில் பாதியை ஏற்கிறேன். மறுபாதி, தொடரின் பெயரையும் முன்னோட்டத்தையும் மட்டும் வைத்துச் சொல்லப்பட்டதோ என்று ஐயுறுகிறேன்.

பெயர் தவறான எதிர்பார்ப்பைத் தரக்கூடியதுதான். ‘மெத்தட்’ என்ற சொல், ரஷ்ய நாடகக் கலைஞர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் சிந்தனையில் வேர்கொண்டு, நியூயார்க்கில் 1947இல் தொடங்கப்பட்ட ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் போன்றவர்கள் வளர்த்தெடுத்த நடிப்புப் பயிற்சி முறையைச் சுட்டுவது. அந்த முறையைப் பற்றிய விவாதத்தை எதிர்பார்த்து உட்காருபவர் ஏமாந்துதான் எழுவார். மைக்கேல் டக்ளஸ் ஏற்றிருக்கும் சாண்டி கொமின்ஸ்கி, ஒரு காலத்தில் சற்றே பெயர் பெற்று, வாய்ப்புகள் வற்றிய பின் லாஸ் ஏஞ்சலிஸில் நடிப்பு வகுப்பு நடத்தி வருபவர். ஆலன் ஆர்க்கின் ஏற்றிருக்கும் நார்மன், சாண்டியின் ஏஜென்ட்டாகவும் நெடுநாள் நண்பராகவும் இருப்பவர். முதல் பகுதியிலேயே நார்மனின் மனைவி புற்றுநோயால் இறந்துவிடுகிறார். அதன் பிறகு கதை வகுப்பறைக்கு அவ்வப்போது வந்துபோகிறதே தவிர அங்கே தங்குவதில்லை. ஒருவருக்குப் புராஸ்டேட் தொல்லையும், வரி பாக்கியும், தன் மாணவியாக வந்த பெண்மணியிடம் ஏற்பட்ட தயக்கம் நிறைந்த ஈர்ப்பும்; மற்றவருக்கு மனைவி இல்லாத வீடும், போதைப் பழக்கத்திலிருந்து மீளாத மகளும். இறந்துபோன மனைவி எதிரில் அமர்ந்திருப்பதாகவே எண்ணி நார்மன் பேசும் காட்சிகளில், 84 வயது ஆர்க்கின் குரலை உயர்த்தாமலே நம்மைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொண்டையை அடைக்கவும் வைத்துவிடுகிறார். ஆகவே, நடிப்பு இத்தொடரின் திண்ணை மட்டுமே; வீட்டுக்குள் நடப்பது முதுமையின் கதை.

இனி வரவேற்பைப் பற்றி. முதலில் கிடைக்கப்போவது கோல்டன் குளோப் என்பது என் கணிப்பு. இந்த 2018 நிலவரப்படி, ஹாலிவுட் வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கத்தைச் சேர்ந்த தொண்ணூறு பேர் அளவிலானவர்களே வாக்களிக்கும் அந்த விருதுக்கு, எப்போதும் புதுத் தொடர்களை முந்திக்கொண்டு அடையாளம் காட்டுவதில் ஒரு விருப்பம் உண்டு. நகைச்சுவை அல்லது இசைத் தொடர் பிரிவில் 2014இல் ‘புரூக்ளின் நைன்-நைன்’, 2015இல் ‘டிரான்ஸ்பேரன்ட்’, 2016இல் ‘மொஸார்ட் இன் தி ஜங்கிள்’, 2017இல் ‘அட்லாண்டா’, இவ்வாண்டு ‘தி மார்வலஸ் மிஸஸ் மெய்சல்’ என்று தொடர்ந்து ஐந்து முறை புதிதாக வந்தவையே வென்றுள்ளன; அவற்றுள் மூன்று அமேசானின் இணையத் தொடர்கள். டக்ளஸோ அந்தச் சங்கத்தாருக்கு நன்கு பழகிய முகம். ‘வால் ஸ்ட்ரீட்’ படத்துக்காகவும், பின்னர் ‘பிஹைண்ட் தி கேண்டலாப்ரா’வுக்காகவும் அவருக்குச் சிறந்த நடிகர் விருது வழங்கியதோடு, வாழ்நாள் சாதனைக்கான செசில் பி. டெமில் விருதையும் 2004இலேயே கொடுத்துவிட்டார்கள். வரும் ஜனவரியில் நடிகருக்கான விருது அவருக்குக் கிடைக்காவிட்டால்தான் நான் வியப்படைவேன். தொடருக்கான விருதும் சேர்ந்து வந்தாலும் வியப்படைய மாட்டேன்.

எம்மி விருதின் கணக்கு வேறு. தொலைக்காட்சி அகாதெமியின் உறுப்பினர் பிரிவுகளில் நடிகர்களுடையதே மிகப் பெரியது என்பதால், நடிகன் படும் பாட்டைச் சொல்லும் கதைக்கு அங்கே இயல்பாகவே செவிசாய்ப்பவர்கள் அதிகம். எச்.பி.ஓ.வில் கடந்த மார்ச்சில் தொடங்கிய ‘பேரி’ தொடரில், கூலிக்குக் கொலை செய்யும் ஒருவன் லாஸ் ஏஞ்சலிஸ் நடிப்பு வகுப்பொன்றில் வந்து சேருகிறான். அதில் நடித்த பில் ஹேடருக்கும், நடிப்பு ஆசிரியராக வந்த ஹென்றி விங்க்ளருக்கும் செப்டம்பரில் எம்மி கிடைத்தது. ஒரே ஊரின் நடிப்பு ஆசிரியர்கள் இருவர் ஒரே ஆண்டில் திரைக்கு வந்திருக்க, முந்தியவர் பரிசை வாங்கிச் சென்றுவிட்டார். அடுத்த ஆண்டு டக்ளஸும் ஆர்க்கினும் பரிந்துரைக்கப்படுவது ஏறத்தாழ உறுதி என்றாலும், ‘பேரி’யும் ‘மெய்சல்’லும் களத்தில் இருக்கும்வரை தொடருக்கான எம்மி எட்டுவது கடினம்.

விமர்சகர்கள் பிரிந்து நிற்பார்கள். தொடரை உருவாக்கிய சக் லோரி, ‘டூ அண்ட் எ ஹாஃப் மென்’, ‘தி பிக் பேங் தியரி’ போன்ற அரங்கச் சிரிப்பொலி நிறைந்த தொடர்களால் அறியப்பட்டவர். சென்ற ஆண்டு நெட்ஃபிளிக்ஸுக்காக அவர் இணைந்து உருவாக்கிய ‘டிஸ்ஜாயின்டட்’ ஒரே சீசனோடு நின்றுபோனது. அந்தப் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு, சிரிப்பொலியே இல்லாமல் மௌனங்களுக்கு இடம்விட்டு எழுதப்பட்ட இத்தொடர் ஒரு திருப்பமாகத் தோன்றும். ஆனால் சிறுநீர் கழிக்கும் சிரமத்தைப் பற்றிய கேலி மூன்றாம் முறை வரும்போது பொறுமை இழப்பவர்களும் இருப்பார்கள். என்னுடைய குறை வேறொன்று. சாண்டியின் மாணவர்கள் ஆளுக்கொரு காட்சியை நடித்துக்காட்டித் திட்டோ பாராட்டோ வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். ஆசிரியரின் சொல்லால் ஒரு மாணவனின் உடலிலும் குரலிலும் என்ன மாறுகிறது என்பதை நாம் காண்பதே இல்லை. நடிகர்களைப் பயிற்றுவித்த நாடகக் குழுவான கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமி சென்ற மாதம்தான் மறைந்தார். அவரிடம் பயின்றவர்கள் எழுதிய அஞ்சலிகளைப் படித்த கையோடு இத்தொடரைப் பார்த்ததால், பயிற்சி என்னும் உழைப்பு இதில் ஓரங்கட்டப்பட்டிருப்பது எனக்குக் கூடுதலாக உறுத்தியிருக்கலாம்.

பொதுப் பார்வையாளர்களைப் பற்றித் தங்கள் குறிப்பு சொன்னதில்தான் நான் மாறுபடுகிறேன். ஜேன் ஃபோண்டாவும் லில்லி டாம்லினும் நடிக்கும் ‘கிரேஸ் அண்ட் ஃபிராங்கி’ 2015இல் வந்தபோது அதற்குக் கிடைத்த பாராட்டு மிதமானதே. இருந்தும் அது நான்கு சீசன்களைக் கடந்து ஐந்தாவதுக்குத் தயாராகிவிட்டது. முதியவர்களைக் கிண்டலுக்குரிய துணைப் பாத்திரங்களாக ஒதுக்காத கதைகளுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்பதை நெட்ஃபிளிக்ஸ் அதிலேயே கண்டுகொண்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டம் சமூக ஊடகங்களில் ஆரவாரம் செய்வதில்லை. பார்த்துவிட்டு, மறுநாள் நடைப்பயிற்சியில் நண்பரிடம் சொல்லும். அப்படித்தான் எனக்கும் இத்தொடர் வந்து சேர்ந்தது. நெட்ஃபிளிக்ஸ் தன் பார்வையாளர் எண்ணிக்கையை இந்த 2018 வரை முறையாக வெளியிட்டதில்லை என்பதால், உங்கள் கணிப்பு சரியா என்னுடையது சரியா என்பதை எண்களால் தீர்த்துக்கொள்ள நமக்கு வழியில்லை. இரண்டாவது சீசன் அறிவிக்கப்படுகிறதா என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கோடைக்கு முன்பே அந்த அறிவிப்பு வரும் என்று எண்ணுகிறேன். வந்தால், அந்த மாணவர்களில் ஓரிருவருக்காவது முழுக் கதை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி
21.11.2018