ஒப்படைக் கேள்வி மாணவரிடம் போவதற்கு முன் எங்களிடம் வரட்டும்

யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பல்கலைக்கழக நூலகமொன்றின் உசாத்துணைப் பகுதியில் வேலை செய்கிறேன். உங்களிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை மாணவர்கள் எங்கள் மேசையில் வந்து கேட்பார்கள். முக்கியமாக, ஒப்படை கையளிப்பதற்கு முந்திய கிழமை. நீங்கள் பார்ப்பது கையளித்த தாளை. அதற்கு முன் நடப்பதை நாங்கள் பார்க்கிறோம்.

"மிஸ், நிலத்தடி நீரைப் பற்றிப் புத்தகம் இருக்கோ?" என்று ஒரு மாணவி வருகிறாள் என்று வையுங்கள். தலைப்பு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீர் மாசடைதல். புத்தகம் இருக்கிறது, ஆனால் அவளுடைய சிக்கல் அதுவல்ல. தலைப்பை அப்படியே கூகுளில் போட்டிருக்கிறாள். நாலு செய்தியும் யாரோ எழுதிய இரண்டு கட்டுரையும் கிடைத்திருக்கின்றன. எங்கள் சுண்ணாம்புக்கல் பாறையில் தேங்கும் நீரைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. தோட்டப் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று, மலசலகூடக் குழிகள், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுவது, சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களில்.

நைத்திரேற்றை மட்டும் எடுப்போம் என்று அவள் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு, குடாநாட்டின் வலிகாமப் பகுதியின் பெயரை ஆங்கிலத்தில் சிலர் 'கே' போட்டும் சிலர் 'ஜி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டையும் தேடு என்று சொல்லலாம். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் உசாத்துணைப் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். அதை மேற்கோள் காட்டிய பிந்திய கட்டுரைகளைக் கூகுள் ஸ்கொலரில் பிடித்து முன்னோக்கியும் வரலாம். ஒருத்திக்கு இதைக் காட்ட அரை மணித்தியாலம் போகும். முழு வகுப்புக்கும் சரியான நேரத்தில் காட்டினால் ஒரு விரிவுரை நேரம் போதும்.

ஆனால் நைத்திரேற்றை எடுக்கலாமா, உவரை எடுக்கலாமா என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. உங்கள் பாடத்தில் எது நல்ல கேள்வி என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விக்கு இங்கே என்ன கிடைக்கும், எப்படிக் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடம் இப்போது மாணவருடைய தலைக்குள் மட்டும்தான், அதுவும் கையளிக்கும் நாளுக்கு முதல் நாள் இரவில்.

'முதலாம் வருடத்தில் நூலகம் காட்டியாச்சே' என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சுற்றை நானும் அறிவேன். இது இரவல் பகுதி, இது பட்டியல் தேடும் கணினி, இங்கே சத்தம் போடாதேங்கோ. அந்த நாட்களில் பிள்ளைகளின் மனதில் இருப்பது தங்குமிடமும் பகிடிவதைப் பயமும். கையில் தேட ஒரு கேள்வி இல்லாதவருக்குத் தேடல் முறையைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? போதாக்குறைக்கு, உயர்தரம் வரை ரியூட்டையும் கடந்தகால வினாத்தாள்களையும் நம்பி வந்தவர்கள். அங்கே விடை ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ஒன்று. அதே ஆட்களிடம் இறுதி வருடத்தில் ஆய்வேடு கேட்கிறோம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய அதே 1974இல்தான் அமெரிக்காவில் போல் சுர்கோவ்ஸ்கி என்பவர் தகவல் எழுத்தறிவு, அதாவது தேவையான தகவலைத் தேடி எடுத்துப் பயன்படுத்தும் திறன், என்ற கருத்தை முன்வைத்தார். அங்குள்ள கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் அதற்கு ஒரு தரநியமப் பட்டியல் வெளியிட்டது. மாணவர் இதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல். 2016இல் அதைக் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்துக்கு மாறினார்கள். ஆய்வு என்பது கேள்வி கேட்டுப் போவது, புலமை என்பது ஒரு தொடர் உரையாடல் என்பவை அவற்றில் இரண்டு. இவற்றை நூலகர் தனியாக நின்று கற்பிக்க முடியாது. பொருளாதாரத்தில் அந்த உரையாடல் நடக்கும் விதம் வேறு, சித்த மருத்துவத்தில் வேறு.

இப்போது புதிதாக ஒரு தலையிடி. மாணவர்கள் உசாத்துணைப் பட்டியலோடு வந்து, இந்தக் கட்டுரைகளை எடுத்துத் தாருங்கள் என்கிறார்கள். தேடினால் ஆய்விதழ் இருக்கிறது, தொகுதி எண்ணும் சரி, எழுதியவரும் அந்தத் துறையில் உள்ளவர்தான். கட்டுரைதான் இல்லை. சாட்ஜிபிடி போன்றவை கோத்துக் கொடுத்த பட்டியல் அது. வெட்கப்பட வேண்டியது பிள்ளை மட்டுமல்ல. 'குறைந்தது 15 உசாத்துணை வேண்டும்' என்று மட்டும் சொன்னால் 15 வரும். ஒவ்வொரு மூலத்துக்கும் அதை ஏன் எடுத்தேன், எந்தப் பக்கத்தை எதற்குப் பயன்படுத்தினேன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதுவதற்கு முன்பே, நடுவில் ஒரு நாள், இந்தப் பட்டியலை மட்டும் வாங்கி அதற்குச் சிறிது புள்ளி கொடுங்கள். டிஓஐ எண் (கட்டுரைக்கென்று தரப்படும் தனி அடையாள எண்) உள்ளவற்றைச் சரிபார்க்க எங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். எழுத்துத் திருட்டைக் கடைசியில் மென்பொருளில் போட்டுப் பிடிப்பதை விட இது எல்லாருக்கும் மரியாதையான வழி என்று நினைக்கிறேன்.

கேள்வியை முன்கூட்டியே காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பு முழுவதற்கும் ஒரே தலைப்பு, அலுமாரியில் ஒரே ஒரு பிரதி என்றால், முதலில் ஓடிவந்தவருக்கு மட்டும்தான் புத்தகம். முன்பே தெரிந்தால் அதை வெளியே இரவல் கொடுக்காமல், நூலகத்துக்குள்ளேயே மாறிமாறிப் பார்க்க ஒதுக்கிவைக்கலாம். மூலங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் மட்டும் இருக்கும் தலைப்பு என்றால், அதையும் முதலே சொல்லிவிடுவோம். பஸ் காசு இல்லாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

மாறாக, இங்கேயே குவிந்து கிடந்தும் யாரும் தொடாதவையும் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையில் வெளியாகும் ஆய்விதழ்கள் பலவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். 1841இல் தொடங்கிய உதயதாரகையையும் 1959இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையையும் வைத்து எத்தனை ஒப்படைகள் கொடுக்கலாம்! உதயதாரகையின் பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் காட்டுவோம். அது அமெரிக்க மிஷன் நடத்திய பத்திரிகை, சைவரைப் பற்றி அது சொல்வதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நூலகம் என்றால் இந்த ஊரில் பேச்சு உடனே யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981க்குப் போய்விடும். போக வேண்டியதுதான். ஆனால் எரிந்த நூலகத்துக்காக உருகும் நாங்கள், திறந்திருக்கும் நூலகத்தைப் பரீட்சைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே நோட்ஸ் பாடமாக்கும் இடமாக வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேரம் இல்லை, பாடத்திட்டம் நிறைந்துவிட்டது என்பீர்கள். உண்மைதான். எங்கள் பக்கமும் ஆள் குறைவு, எல்லா வகுப்புக்கும் வர முடியாது. அதனால்தான் பாடத்திட்ட மீளாய்வுக் கூட்டங்களுக்கே நூலகத்தைக் கூப்பிடுங்கள் என்கிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி நூலகரும் மூதவையில் (செனற்) ஓர் அங்கத்தவர். எல்லாம் முடிந்த பிறகு புத்தகப் பட்டியலை மட்டும் அவரிடம் அனுப்புவது அந்த ஆசனத்துக்கு ஏற்ற வேலை அல்ல.

அதுவரை ஒரு சின்ன முயற்சி செய்யலாம். அடுத்த அரையாண்டில் ஒரேயொரு பாடத்தை எடுங்கள். ஒப்படைக் கேள்வியை மாணவருக்குக் கொடுப்பதற்கு இரண்டு கிழமை முன்னர் உங்கள் பீடத்தைப் பார்க்கும் உதவி நூலகருக்கு அனுப்புங்கள். எத்தனை மாணவர், எந்த மொழியில் எழுதுவார்கள், கையளிக்கும் திகதி எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாணவர் தலைப்பைச் சுருக்கும் நாளில் நூலகரை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். அவர் வரும் அந்த ஒரு மணித்தியாலம் தயவுசெய்து நீங்களும் வகுப்பில் இருங்கள். விரிவுரையாளர் வெளியே போய்விட்டால், இது பரீட்சைக்கு வராது என்று பின் வரிசை உடனே முடிவு செய்துவிடும்.

இப்படிக்கு,
உசாத்துணைப் பகுதி ஊழியர் ஒருவர்
யாழ்ப்பாணம்