விளம்பரத்துக்கு முன்னால் ஒரு கையேடு எழுது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் 1951 செவர்லே 3100 பிக்கப்பை விற்கப் போகிறாய் என்று தெரிந்தது. விலையை யோசிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்.

ஹாட் ராடுக்கு, அதாவது பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து மாற்றிக் கட்டிய உன்னுடையதைப் போன்ற பழைய வண்டிக்கு, கம்பெனி கையேடு கிடையாது. கேப் (ஓட்டுநர் அறை) செவர்லே, என்ஜின் 350 கன அங்குல வி8, கியர்பாக்ஸ் 700ஆர்4 என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக், முன் சஸ்பென்ஷன் ஃபோர்டு மஸ்டாங் II மாதிரி, பின் ஆக்சில் ஃபோர்டு 9 அங்குலம். வாங்குகிறவர் ஸ்பேர் கடையில் போய் "51 செவர்லேவுக்கு பிரேக் பேட்" என்று கேட்டால் கிடைக்கப்போவது வேறு எதுவோதான். எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது உன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தாளில் இறக்கு. காலிப்பரும் ரோட்டரும் எந்த மாடல், வாட்டர் பம்ப் குட்டையா நீளமா, பெல்ட் எண் என்ன, ஃபிளெக்ஸ் பிளேட் (ஸ்டார்ட்டர் சுழற்றும் பல் தட்டு) 153 பல்லா 168 பல்லா என்று எல்லாம் வரட்டும். பல் எண்ணிக்கை தெரியாமல் ஸ்டார்ட்டர் வாங்கினால் பல் சரியாகப் பிடிக்காது, அரைத்துத் தின்றுவிடும்.

இரண்டு இடங்களைப் படம் போட்டே காட்டு. ஒன்று, பிரேக். மாஸ்டர் சிலிண்டர் கேப்பின் தரைக்கடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் பிரேக் எண்ணெய் திரும்பி ஓடிவிடும். முதல் மிதியில் பெடல் தொபுக்கென்று இறங்கும். அதைத் தடுக்க டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை லைனிலேயே தேக்கி வைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கவேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்று குறித்து வை. மற்றொன்று, 700ஆர்4-இன் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்; த்ராட்டில் திறப்புக்கேற்ப கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை மாற்றுவது அதுதான். கார்பரேட்டரை மாற்றி, லீவரின் அளவு பொருந்தாமல் போனால் கேபிள் போதிய அளவு இழுக்காது, உள்ளே பிரஷர் குறையும், மூன்றாம், நான்காம் கியருக்கான கிளட்ச் சீக்கிரமே கருகும். விவரம் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் அந்தக் கேபிளைத்தான் முதலில் பார்ப்பார்.

அடுத்தது டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். இதில் அவசரமே கூடாது. சில மாநிலங்களில் அந்தக் காலத்தில் என்ஜின் எண்ணையே டைட்டிலில் எழுதிவிட்டார்கள். உன் வண்டியோடு பிறந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் இப்போது இல்லை; எண்ணும் அதோடு போய்விட்டதா என்று பார். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் தகட்டின் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விளம்பரத்தை நிறுத்து. மாநில வாகனத் துறையில் சரிபார்த்துத் திருத்தியபின் போடு. புதுத் தகடு வாங்கி எண் அடித்து மாட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

குறைகளை நீயே முதலில் சொல். கேப்பின் கீழ் மூலைகள், ராக்கர் பேனல் (கதவுக்குக் கீழே உள்ள தகடு), கேப் மவுன்ட் (கேப்பைச் சட்டத்தோடு பிணைக்கும் இடம்) மூன்றையும் அடியில் படுத்துப் படமெடு. டிங்கரிங் செய்து பட்டி போட்ட இடத்தை மறைக்காதே. வருகிறவர் கையில் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போது எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்து எடு. மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எட்டு எண்களையும் அப்படியே போடு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் வீடியோவை வெட்டாமல் காட்டு. டயர் எத்தனை புதுசாகத் தெரிந்தாலும் தேதியைப் போடு: 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம்.

எல்லாரும் கேட்பது ஒன்று உண்டு: நெடுஞ்சாலையில் எப்படி ஓடும்? 3.73 பின் கியர், 28 அங்குல டயர் என்றால் மணிக்கு 65 மைல் வேகத்தில் நேர் கியரில் (மூன்றாம் கியர்) சுமார் 2,900 ஆர்பிஎம். ஓவர்டிரைவில் (நான்காம் கியர்), கன்வெர்ட்டர் வழுக்காமல் லாக்கப் பிடித்தபின் ஏறக்குறைய 2,040. இந்த ஒரு வரி பத்துப் படங்களுக்குச் சமம்.

விலை விஷயத்தில் மனசைத் தேற்றிக்கொள். பில்களைக் கூட்டினால் வரும் தொகை கைக்கு வராது. உழைத்த மணிக்கணக்குக்கு யாரும் காசு தருவதில்லை. ஆனால் பில்கள், வெல்டிங் படங்கள், நீ எழுதிய கையேடு மூன்றும் சேர்ந்து இருந்தால் பேரம் பேசுகிறவரின் குரல் தணியும்.

பணம் வாங்கும்போது, கேஷியர்ஸ் செக்கை (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் செக்) வீட்டில் வைத்து வாங்காதே. போலி செக்கின் பணம்கூட உன் கணக்கில் முதலில் ஏறிவிடும். வாரங்கள் கழித்து வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்குபவரின் வங்கிக்கே போ, கவுன்டரில் உன் கண்ணெதிரே எழுதட்டும். அதன்பின் டைட்டிலில் கையெழுத்துப் போடு. நீ கலிஃபோர்னியாவில் இருப்பதால், விற்ற 5 நாளுக்குள் வண்டி கைமாறிவிட்டது என்று சொல்லும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை மாநில வாகனத் துறையான டிஎம்வி-க்கு அனுப்பிவிடு. அது பதிவாகும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்யாதே.

அன்புடன்,
அண்ணன்