மழை வரைபடத்தில் சிவப்பு என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழில் அடிக்கடி தமிழகத்தின் மழை வரைபடம் வருகிறது. பள்ளியில் பூகோளம் நடத்தியே ஓய்வு பெற்றவள் என்பதால் தலைப்புச் செய்திக்கு முன்னால் என் கண் அங்கேதான் போகும். அந்தப் படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள்.

முதலில் நிறம். வானிலை ஆய்வுத் துறை தரும் எச்சரிக்கைப் படத்தில் சிவப்பு என்றால் அதி கனமழை. அதைத்தான் எல்லோரும் ‘ரெட் அலர்ட்’ என்கிறோம். அதே துறை, பருவத்தில் பெய்த மழை இயல்பைவிடக் கூடவா குறைவா என்று காட்ட இன்னொரு படமும் தருகிறது. அதில் 20 முதல் 59 சதவீதம் வரை மழை குறைந்த மாவட்டத்துக்குச் சிவப்பு. 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்திருந்தால் மஞ்சள். ஆக, ஒரு படத்தில் பேய்மழைக்குச் சிவப்பு, மற்றதில் மழை பொய்த்ததற்குச் சிவப்பு. போதாக்குறைக்கு அங்கே சிவப்பைவிட மஞ்சள் மோசம்! துறை வகுத்த நிறங்களைத் தாங்கள் மாற்ற முடியாது, சரி. ஆனால் பக்கத்தில் இடம் நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது படத்தின் மூலையில் இருக்கும் நிறக்குறிப்புதான். அது இல்லாமல் அந்தப் படத்தை யார் எப்படிப் படிப்பது? அதே படம் கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் வந்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. கலர்புரூவர் என்ற இலவச இணையதளத்தில், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் பிரித்தறியக்கூடிய நிறங்களை மட்டும் கேட்டுப் பெறலாம். தங்கள் வடிவமைப்பாளர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.

அடுத்தது, மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசுவது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாவட்டச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடெல்லாம் கரைந்துவிடும். நிறப் பட்டியலின் கடைசிப் படி ‘20 செ.மீ.க்கு மேல்’ என்று இருந்தாலோ, 21 செ.மீ. பெய்த ஊரும் காயல்பட்டினமும் ஒரே நிறம்தான். இன்னொன்று: மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ‘டிசம்பர் 18 மழை’ என்று தலைப்பிட்டால், உண்மையில் அது பெரும்பாலும் 17ஆம் தேதி பெய்த மழை.

ஓய்வுக்குப் பிறகு அண்ணன் மகனை உட்காரவைத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபடம் வரையும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். காசு கிடையாது, சாதாரண மடிக்கணினியே போதும். மழைமானி இருக்கும் ஊர், அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, பெய்த மழை என்று நான்கு பத்தியில் பட்டியல் கொடுத்தால் புள்ளிகள் படத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதன்மேல் ஆறு ஓர் அடுக்கு, குளங்கள் ஓர் அடுக்கு, நில உயரம் ஓர் அடுக்கு. அப்போதுதான் எங்கள் ஊரான ஏரலில் ஏறிய வெள்ளத்துக்கு ஏரலில் பெய்த மழையை மட்டும் பார்த்தால் போதாது என்பது தெரிகிறது. தாமிரபரணிக்கு மாவட்ட எல்லை தெரியாதே! மேற்கே மலையிலும் திருநெல்வேலிப் பக்கமும் பெய்த தண்ணீரும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும்.

மென்பொருளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே எண்களை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே அளவு செ.மீ. என்று ‘சம இடைவெளி’யில் பிரித்தால் இரண்டு மூன்று ஊர் மட்டும் அடர்த்தியாகத் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் சம எண்ணிக்கையில் ஊர்களைப் பிரித்தால் பாதி மாவட்டமே மூழ்கியது போலத் தோன்றும். இரண்டிலும் பொய் இல்லை. எந்த வகையில் பிரித்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. காய்ச்சல், விபத்து போன்ற வரைபடங்களிலும் இதே கதைதான். வெறும் எண்ணிக்கையை வண்ணமாக்கினால் சென்னைதான் எப்போதும் முன்னால் நிற்கும். 2011 கணக்கெடுப்பில் சென்னையில் 46 லட்சம் பேர், நீலகிரியில் ஏழரை லட்சம்கூட இல்லை. லட்சம் பேருக்கு எத்தனை என்று போட்டால்தான் ஒப்பிட முடியும்.

என் வேண்டுகோள் சிறியது. மாவட்டத்துக்கு நிறம் பூசாமல், மழைமானி இருக்கும் ஊரில் ஒரு வட்டம் போடுங்கள். மழை கூடினால் வட்டம் பெரிதாகட்டும். ஆனால் நான்கு மடங்கு மழைக்கு விட்டத்தை நான்கு மடங்காக்கினால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். விட்டம் இரண்டு மடங்கு போதும். பக்கத்தில் எந்த வட்டத்துக்கு எத்தனை செ.மீ. என்ற குறிப்பு, வரைபட அளவுகோல், கணக்கெடுத்த நேரம். வரும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாளாவது இப்படிப் போட்டுப் பாருங்கள். ஆள் இல்லை என்றால் மழைப் பட்டியலைக் காலை பத்து மணிக்குள் எனக்கு அனுப்புங்கள், மதியத்துக்குள் வரைந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.